கட்டி எங்கேயிருந்து வந்தது

பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் சோதனைக்கூடத்தில் நான் வேலை பார்த்தேன். ஆபரேஷனில் அறுத்தெடுத்த சதை எங்கள் மேசைக்கு வரும். அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றிக் கொடுக்க வேண்டும். டாக்டர் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, இன்ன நோய் என்று எழுதுவார். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்து நான்கு வயது.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் ஊருக்குப் பஸ் ஏறுவேன். ஓசூரில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். அத்திப்பள்ளி தாண்டியதும் மதராஸ் ராஜ்யத்து செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்துவார்கள். நம் பக்கம் மதுவிலக்கு. என் சட்டையில் ஸ்பிரிட் வாடை அடிக்கும். ஒவ்வொரு வாரமும் என்னைக் கீழே இறக்கி, பையை உதறி, வாயை ஊதச் சொல்வார்கள். ஊதினால் சாராய வாடை வராது. அதற்குப் பதில் ஃபார்மலின் நெடி அவர்கள் மூக்கில் ஏறும். "தூ, போய்யா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வீட்டிலும் அதேதான். அம்மா கொல்லையில் தண்ணீர் எடுத்து வைத்திருப்பாள். குளித்து வேட்டி மாற்றாமல் உள்ளே போகக் கூடாது. எனக்கென்று தனித் தட்டு, தனி லோட்டா. "பொணத்த அறுத்த கையி" என்பாள். "பொணம் இல்லம்மா, உயிரோட இருக்கறவங்களுக்கு வைத்தியம் பாக்கறதுக்குத்தான்" என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது. அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். நான் உட்கார்ந்த பக்கம் அவர் உட்கார மாட்டார், அவ்வளவுதான்.

அண்ணி மட்டும் அப்படி இல்லை. களி போட்டுக்கொண்டே, "இந்த வாரம் என்னா வந்துச்சு தம்பி?" என்று கேட்பாள். பித்தப்பையில் கற்கள் என்று சொன்னால், எவ்வளவு பெரிசு, என்ன நிறம் என்று விவரம் கேட்பாள். அம்மா "சோறு திங்கற எடத்துல" என்று கத்துவாள்.

அண்ணி பாரூர்ப் பக்கத்துப் பெண். ஏரிப் பாசனம், நெல், கரும்பு. நாங்கள் ராகியும் கொள்ளும் விளைகிற மேட்டு நிலத்துக்காரர்கள். வந்த புதிதில் அண்ணிக்குக் களி தொண்டையில் இறங்கவில்லை. ஒரு நாள் ஓங்கரித்துவிட்டாள். அதை அம்மா நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நான்கு வருஷத்தில் ஒரே ஒரு பெண் குழந்தை. மூன்று வயது. என்னைச் சித்தப்பா என்று கூப்பிட வராமல் "சீப்பா" என்று கூப்பிடும்.

என் டாக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கன்னடக்காரர். ஐம்பது வயதிருக்கும். ஃபார்மலின் நெடிக்காக ஓயாமல் மூக்குப்பொடி போடுவார். அவருடைய மேல்துண்டு எப்போதும் பழுப்பாக இருக்கும். எந்தக் கட்டி வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இது எல்லிந்த பந்து?" எங்கேயிருந்து வந்தது? எந்த உறுப்பில் வந்தது என்பதை அவர் கேட்கவில்லை. அந்த உறுப்பின் எந்தச் செல் தாறுமாறாகப் பெருகி இந்தக் கட்டியானது என்பதைக் கேட்கிறார்.

பெரியவர்களின் சிறுநீரகத்தில் ஒருவகைக் கட்டி வரும். வெட்டினால் உள்ளே பசுநெய் உறைந்தது போல மஞ்சளாக இருக்கும். சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது, அதுவும் மஞ்சள். ஆகவே அந்தச் சுரப்பியின் துணுக்கு ஒன்று வழி தவறிச் சிறுநீரகத்துக்குள் மாட்டிக்கொண்டு கட்டியாகிறது என்று பழைய புத்தகங்களில் எழுதியிருந்தது. நோயின் பெயரே அந்த நம்பிக்கையில் வைத்த பெயர். எங்கள் டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நிறத்தைப் பார்த்து உறவு சொல்லலாமா? இந்தச் செல்லெல்லாம் எப்படி வரிசை கட்டுதுன்னு பார். நடுவில் ஓட்டை விட்டுக் குழாய் கட்டுது. குழாய் கட்டுறது சிறுநீரகத்தோட பழக்கம். இது வெளியே இருந்து வந்தது இல்லை. அந்த வீட்டுக்காரன்தான் கெட்டுப்போயிட்டான்."

எனக்கு அது பெரிய விஷயமாகப்பட்டது. எது எங்கேயிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்த ஆட்களில் நானும் ஒருவன் என்று ஒரு கர்வம் வந்துவிட்டது. அந்தக் கர்வம்தான் பிறகு என்னைக் கெடுத்தது.

கட்டியை முதலில் கண்டுபிடித்தது அண்ணி. குழந்தையைக் குளிப்பாட்டும்போது இடது விலாவுக்குக் கீழே கல் மாதிரி கையில் தட்டியிருக்கிறது. அம்மாவிடம் சொன்னாள். அம்மா "மாந்தம்" என்றாள். வேப்பெண்ணெய் தடவினார்கள். பதினைந்து நாளில் வயிறு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டது. நான் அந்த இரண்டு வாரமும் வேலை அதிகம் என்று ஊருக்குப் போகவில்லை.

மூன்றாவது வாரம் போனபோது குழந்தை கூடத்தில் பாயில் மல்லாந்து கிடந்தது. வயிற்றின் மேல் வெள்ளைத் துணி. துணி மேல் ஈ. துணியை எடுத்தேன். மூன்று இடத்தில் சூடு வைத்திருந்தார்கள். பக்கத்து ஊரில் சூடு போடுகிற ஆள் ஒருவன் உண்டு. மஞ்சள் கிழங்கை விளக்கில் சுட்டு, கனியக் கனிய வைப்பான். மூன்று காயமும் சீழ் கட்டி, மேலே அப்பிய சாணிச் சாம்பலோடு சேர்ந்து பச்சையாக வழிந்தது. நான் தினமும் குடலையும் கர்ப்பப்பையையும் கையில் எடுக்கிறவன். அந்த நாற்றத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"யாரு வெச்சது?"

"வைக்காம? வயித்துல கட்டி வந்தா சூடுதான்" என்றாள் அம்மா. "உனக்கும்தான் வெச்சன் சின்னதுல. நல்லாத்தானே இருக்கற?"

அண்ணியை மாட்டுக்குத் தீனி போட அனுப்பிவிட்டு வைத்திருக்கிறார்கள். அம்மா கால்களைப் பிடித்துக்கொண்டாள். கைகளைப் பிடித்துக்கொண்டது என் அண்ணன்.

அண்ணன் கெட்டவன் இல்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், சத்தம் போட்டுப் பேச மாட்டான். எனக்கும் அவனைப் பிடிக்கும். அன்று அவன் வாசலில் ஏர்க்கலப்பைக்குக் கொழு மாட்டிக்கொண்டிருந்தான். நான் போய் நின்றேன். அவன் நிமிரவில்லை. "அம்மா சொன்னாங்க" என்றான்.

அண்ணி என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள். ஒரு பழைய கிண்ணத்தை மூடி வைத்திருந்தாள். மூடியைத் திறந்தாள். குழந்தையின் மூத்திரம். செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"நேத்துலேருந்து இப்படித்தான் வருது தம்பி. யார்கிட்டயும் காட்டல. காட்டினா இன்னொரு சூடு வெப்பாங்க."

மறுநாள் காலையில் நானும் அண்ணியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பினோம். அண்ணன் ஓசூர் பஸ் வரைக்கும் வண்டி கட்டினான். ராகி அறுப்பு இருக்கிறது என்றான். பஸ்ஸில் புண் நாற்றம் தாங்காமல் முன் சீட்டுக்காரர் எழுந்து போய் நின்றுகொண்டார். அண்ணி யாரையும் பார்க்காமல், குழந்தையின் வயிற்றில் கை படாமல் மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். சர்ஜன் பார்த்துவிட்டு, சிறுநீரகத்தில் கட்டி, புண் ஆறியதும் எடுத்துவிட வேண்டும் என்றார். இந்த மாதிரிக் கட்டியை அழுத்தவே கூடாது, மேலுறை கிழிந்தால் வயிறு முழுக்கப் பரவிவிடும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் மாணவர்கள் வந்தார்கள். இப்படிப்பட்ட கட்டி அபூர்வம். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று குழந்தையின் வயிற்றைப் பிசைந்தார்கள். ஒருவன் அமுக்கிவிட்டு அடுத்தவனிடம், "இங்கே, இங்கே, நல்லா ஆழமா" என்று இடம் காட்டினான். சந்தையில் பூசணிக்காய் பார்க்கிற மாதிரி. குழந்தை அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் "சீப்பா, சீப்பா" என்றது.

நான் நடுவில் புகுந்து, "சார், அமுக்கக் கூடாது" என்றேன்.

"நீ யார்?"

"லேப்ல இருக்கேன் சார்."

"அப்போ லேபுக்குப் போ."

அவர்களுடைய கைகள் சுத்தமாக இருந்தன. நகம் வெட்டி, சோப்பு போட்டுக் கழுவிய கைகள். அந்தக் கைகளைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஓடிப்போய் என் டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் மாணவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். கட்டிலின் தலைமாட்டில் ஒரு காகிதம் ஒட்டினார். வயிற்றைத் தொடக் கூடாது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. பிறகு அண்ணியிடம் கன்னடத்தில், "யாராவது தொட்டால் கையைத் தட்டிவிடு, டாக்டராக இருந்தாலும் சரி" என்றார். அண்ணிக்குக் கன்னடம் தெரியாது. நான் தமிழில் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அன்று சாயங்காலமே ஒரு பெரிய டாக்டரின் கையைத் தட்டிவிட்டாள் என்று நர்ஸ் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பத்து நாள் கழித்து ஆபரேஷன். முடிந்ததும் எனாமல் பாத்திரத்தில் மூடிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு நீ வீட்டுக்குப் போ. வேற ஆளை வெச்சுப் பார்த்துக்கறேன்."

"நானே பாக்கறேன் சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மூடியை எடுத்தேன். உரித்த சின்னத் தேங்காய் அளவு இருந்தது. குழந்தையின் உடம்புக்கு அது எவ்வளவு பெரிசு என்று அப்போதுதான் உறைத்தது. டாக்டர் நீளக் கத்தியால் நடுவில் வெட்டினார். கத்திக்குத் தடையே இல்லை, வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. உள்ளே மீன் சதை மாதிரி சாம்பல் வெள்ளை. அங்கங்கே ரத்தம் தேங்கிக் கறுத்த குழிகள். ஓர் ஓரமாக, நெருக்கித் தள்ளப்பட்டு, பிறை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, மீந்துபோன சிறுநீரகம். அதுதான் குழந்தையுடையது. மற்றதெல்லாம் வேறு ஏதோ. வெட்டின வாயிலிருந்து கொழகொழவென்று ஒன்று என் விரல் மேல் வடிந்தது. இளஞ்சூடாக இருந்தது. நான் கழுவுதொட்டிக்கு ஓடினேன். காலையில் தின்றது முழுக்க வந்தது.

வாய் கொப்பளித்துவிட்டு வந்து, கட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி ஃபார்மலினில் போட்டேன். மறுநாள் மெழுகில் பதித்தேன். அதற்கடுத்த நாள் சீவினேன். ஒரு சீவல்கூடக் கிழியவில்லை. அதுவும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு என்னை உட்கார வைத்தார். கண்ணாடிக்குள் நீலமாகச் சின்னச் சின்ன உருண்டைச் செல்கள், நெருக்கியடித்துக்கொண்டு. நடுநடுவே இளஞ்சிவப்பு நார். அங்கங்கே அந்த நீலச் செல்கள் வளைந்து, வட்டமாகக் கூடி, குழாய் கட்டப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டிருந்தன.

"எல்லிந்த பந்து?" என்றேன் நானே.

டாக்டர் பொடியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "குழந்தை கர்ப்பத்தில் இருக்கும்போது முதலில் சிறுநீரகம் கிடையாது. இந்த மாதிரிச் செல்தான் இருக்கும். சிறுநீரகம் ஆகவேண்டிய செல். மாசம் ஆக ஆகக் குழாயாகவும் வடிகட்டியாகவும் மாறிடும். பிறக்கும்போது எல்லாம் மாறி முடிஞ்சிருக்கணும். எப்போதாவது கொஞ்சம் மாறாமல் தங்கிப்போகும். தங்கினதெல்லாம் கட்டி ஆகறதில்லை. சிலது மட்டும் வளர ஆரம்பிக்கும். சிறுநீரகம் கட்டத்தான் பார்க்குது பாவம், கட்டத் தெரியலை."

"எதனால சார் மாறாம தங்குது?"

"தெரியாது. யார தப்பூ அல்ல."

யார் தப்பும் இல்லை. இந்த மூன்று வார்த்தையை நான் ஊருக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். அதைவிட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொண்டுபோனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அப்பா, அண்ணன், அம்மா, பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா ஒருத்தி. குழந்தை பிழைத்துவிட்டது, கட்டியை எடுத்தாயிற்று என்றேன். அம்மா கேட்டாள்:

"அது எங்கேருந்துடா வந்துச்சு?"

யாரும் என்னிடம் அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் குஷியாகிவிட்டேன். கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். மாந்தமும் இல்லை, கண்ணேறும் இல்லை, சாப்பாட்டில் வந்ததும் இல்லை என்றேன். கர்ப்பத்தில் இருக்கும்போதே உண்டான செல், சரியாக மாறாமல் தங்கிப்போனது, அதுதான் கட்டியானது என்றேன். சொல்லிக்கொண்டே வந்தவன் அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றேன். கசந்துபோயிருந்த முகம் மெல்ல மெல்ல நிறைந்துகொண்டு வந்தது. நெடுநாள் தேடிய சாமான் கையில் கிடைத்தது மாதிரி.

"கர்ப்பத்துலயே வந்துச்சா?"

"ஆமாம்மா, ஆனா..."

"நான் அப்பவே சொன்னேன்ல? கிரகணத்தன்னிக்கி அருவாமணையில காய் அரிஞ்சா அவ. நான் வேணாம் வேணாம்னு தலபாடா அடிச்சிகிட்டன். வயித்துலயே அழுக வெச்சிப் பெத்திருக்கா."

"அப்படி இல்லம்மா. கிரகணத்துக்கும் இதுக்கும்..."

"நீதானேடா சொன்ன? கர்ப்பத்துலருந்து வந்துச்சின்னு."

அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அண்ணன் களியை உருட்டிக்கொண்டே இருந்தான். உருட்டினதை வாயில் போடவில்லை, மறுபடி மறுபடி உருட்டினான். கடைசியில் என்னைக் கேட்டான், மெல்லிய குரலில்.

"அப்ப அடுத்த கொழந்தைக்கும் வருமாடா?"

மூன்று வயதுக் குழந்தை வயிறு கிழிந்து கிடக்கிறது. எப்படி இருக்கிறாள், வலிக்கிறதா, சாப்பிடுகிறாளா என்று ஒரு வார்த்தை இல்லை. அவன் விரலிடுக்கில் ஒட்டியிருந்த களியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தெருமுனைக் கிணற்றடியில் அம்மாவின் குரல் கேட்டது. தெலுங்குக்காரப் பெண்களிடம் தெலுங்கிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். "மா சின்னோடே செப்பினாடு." எங்கள் சின்னவனே சொன்னான். பெங்களூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொன்னான், அவள் கர்ப்பம்தான் கெட்டது என்று. அறுத்த கை என்று எனக்குத் தனித் தட்டு வைத்தவள், என் வாய் வார்த்தையை ஊர் முழுக்கப் பரிமாறினாள். நான் கிணற்றடிக்குப் போய், இல்லை என்று கத்தியிருக்கலாம். ஐந்தாறு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பஸ் போய்விடும் என்று நடையைக் கட்டினேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு எக்ஸ்ரே கதிர் வைத்தார்கள். உள்ளே மிச்சம் மீதி இருந்தால் சாகட்டும் என்று. வயிற்றுத் தோல் கறுத்து, பட்டை பட்டையாக உரிந்தது. சாப்பிட்டதையெல்லாம் கக்கியது. அண்ணி இரண்டு மாதம் வார்டிலேயே தரையில் படுத்துக் கிடந்தாள். எங்கள் வீட்டிலிருந்து வந்தது ஒரே ஒரு தடவை, அண்ணன் மட்டும். கதவோரத்தில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். குழந்தை "அப்பா" என்று கையை நீட்டியது. அவன் இரண்டடி வந்து, நின்று, வயிற்றுக் கட்டைப் பார்த்தான். "பெரிசா தழும்பு வுழுமா?" என்று என்னைக் கேட்டான். ஐந்து மணி பஸ் என்று போய்விட்டான்.

அடுத்த வாரம் அண்ணியின் அப்பா வந்தார். எங்கள் அப்பா அவருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். மகளையும் பேத்தியையும் நேராக உங்கள் ஊருக்கே கூட்டிப்போங்கள், இங்கே கொண்டுவர வேண்டாம் என்று. அவர் வராந்தாவில் குந்தி உட்கார்ந்து அழுதார். அண்ணி அழவில்லை. என்னிடம் வந்தாள்.

"தம்பி, என் கர்ப்பத்துலருந்து வந்துச்சின்னு நீங்க சொன்னீங்களாமே."

"அண்ணி, நான் சொன்னது வேற..."

"அந்தக் கண்ணாடியில பாத்துதானே சொன்னீங்க? எனக்குக் காட்டுங்க."

டாக்டரிடம் கேட்டேன். அவர் தன் நாற்காலியை விட்டு எழுந்தார். அண்ணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். ஜாடிகளில் மிதப்பவற்றைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே நடந்தாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்க முதலில் வரவில்லை, இமை மயிர்தான் தெரிகிறது என்றாள். பிறகு தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ராகியைக் கொட்டினாப்பல இருக்குது."

"ஆமா."

"சீ" என்றாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. "இதுல நான் எங்க இருக்கறன்?"

"நீங்க இல்ல அண்ணி. இது கொழந்தையோட செல்லு. உங்க வயித்துல இருந்தப்போ அவ உடம்புல உண்டானது. உங்க உடம்பு இல்ல."

"கர்ப்பத்துல இருந்தப்போன்னா, கொழந்தை எப்பிடி உண்டாச்சி? நான் மட்டுமா உண்டாக்கினன்?"

நான் தலைகுனிந்தேன். "இல்ல."

"உங்க அண்ணனும்தான?"

"ஆமா அண்ணி."

"அப்ப என்ன மட்டும் என்னாத்துக்கு அனுப்பறாங்க?"

டாக்டருக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பொடி டப்பாவைத் திறந்து, போடாமல் மூடினார்.

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இப்ப என்கிட்ட சொன்னதை அங்க போயி சொல்லுவீங்களா?"

போனேன். அவளுடைய பெட்டியையும் பாத்திரங்களையும் எடுக்க அவள் அப்பா எங்கள் ஊருக்குப் போன நாளில், நானும் கூடப் போனேன். தெருவில் ஆள் கூடியிருந்தது. இந்தத் தடவை நான் குளிக்கவில்லை, வேட்டி மாற்றவில்லை. நடுக்கூடத்தில் நின்று சொன்னேன். கட்டி வந்ததில் அண்ணி தப்பு எதுவும் இல்லை, கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, யார் தப்பும் இல்லை. அப்படியும் பழி சொல்லியே ஆக வேண்டுமென்றால் பாதி என் அண்ணனுடையது, அவனும் சேர்ந்துதான் பெற்றான். தெருவில் நின்றவர்களுக்காக அதையே தெலுங்கில் ஒரு தடவை சொன்னேன்.

வாசலில் யாரோ சிரித்தார்கள். அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "வெளிய போடா" என்றார். பல வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசிய வார்த்தை அது. அம்மா என் தனித் தட்டைக் கொண்டுவந்து வாசலில் வீசினாள். அது உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. அண்ணன் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு வார்த்த பேசுடா" என்று அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் கையை விலக்கிவிட்டு, "வுடுடா, நாறுது" என்றான்.

அன்றைக்குப் பிறகு நான் அந்த வீட்டில் சாப்பிட்டதில்லை.

அண்ணியை அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்று அவள் பிறகு சொன்னாள். அப்பன் வீட்டில் தனக்கென்று ஒரு துண்டு வயலைக் கேட்டு வாங்கி, தானே வரப்போரம் அண்டை வெட்டி, நடவு பார்த்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குழந்தையைப் பெங்களூருக்குக் கூட்டிவருவாள். சர்ஜன் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். இந்தக் கட்டி திரும்பி வந்தால் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும் என்றார் என் டாக்டர். அந்த இரண்டு வருஷமும் ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே படம் காயும்வரை அண்ணி எதுவும் சாப்பிட மாட்டாள். திரும்பி வரவில்லை. மூன்றாம் வருஷ முடிவில், இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது, அண்ணி அவருக்குத் தன் வயலில் விளைந்த நெல்லைக் குத்தி ஒரு மூட்டை கொண்டுவந்து கொடுத்தாள்.

அண்ணனுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்த்துக் கொண்டுவந்தார்கள். எனக்குச் சொல்லவில்லை. அவளுக்கு முதல் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் இறந்தது என்று ஊர்க்காரர் ஒருவர் பஸ்ஸில் சொன்னார். "உங்க அம்மா அந்தப் பொண்ணையும் சும்மா வுடல. வயித்துல இருக்கும்போது எதைப் பாத்தா, எதைத் தின்னான்னு தினம் ஒரே விசாரணை" என்றார். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த விசாரணையில் என் சொல்லும் எங்கேயோ சாட்சியாக நின்றிருக்கும். கர்ப்பத்திலேயே கெட்டுப்போகும், ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

வெகு காலம் கழித்து, பெரியவர்களின் மஞ்சள் கட்டியைப் பற்றி எங்கள் டாக்டர் சொன்னதே சரி என்று புதுவகை மைக்ராஸ்கோப்பால் நிரூபித்துவிட்டார்களாம். சிறுநீரகக் குழாயின் செல்லே அது என்று. அதைப் படித்தபோது அவர் உயிரோடு இல்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பாதி நேரம் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கேயிருந்து வந்தது என்று அவர் கேட்டபோது அதில் யாரையும் பிடிக்கிற எண்ணம் இல்லை. அதே கேள்வியை அம்மா கேட்டபோது ஓர் ஆளைப் பிடிக்கத்தான் கேட்டாள். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. அன்று எனக்கு முன்னால் உட்கார்ந்து எல்லோரும் நான் சொல்வதைக் கேட்டார்கள், அந்தக் கர்வத்தில் விட்டுவிட்டேன்.

அந்தக் குழந்தை ஒற்றைச் சிறுநீரகத்தோடு வளர்ந்து, படித்து, காவேரிப்பட்டினத்தில் கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளை பெற்றாள். நல்ல ஆரோக்கியம். இன்றும் என்னைச் சீப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். சின்ன வயதில் தன் உயிரைக் காப்பாற்றியது நான்தான் என்று தன் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவளையும் அவள் அம்மாவையும் அந்த வீட்டை விட்டு வெளியேற்றியது யாருடைய வார்த்தை என்று அண்ணி அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. போன மாதம் அவள் வீட்டுக்குப் போனபோதுகூட அவள் கையால் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றேன். இன்னும் கொஞ்சம் போட்டாள்.